மாநாட்டில் நமக்கும் ஓர் அரைநாள்

உலகளாவிய வலையை ஆய்வுப் பொருளாகக் கொண்டு நடைபெறும் பன்னாட்டு மாநாடுகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒரு துறையார் மட்டும் கூடிக் கலையும் அவைகள் அல்ல அவை. கணிப்பொறி அறிஞரும் சமூகவியலாரும், சட்டம் பயின்றோரும் பொருளியலாரும், மொழியியலாரும் நூலகவியலாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, ஒரே பொருளை வெவ்வேறு கண்கொண்டு நோக்குகின்றனர். மாநாடு தொடங்குதற்குப் பல திங்கள் முன்னரே அமைப்புக் குழுவினர் ஓர் அழைப்பை விடுப்பர். பயிலரங்கோ பயிற்சி வகுப்போ நடத்த விழைவோர் முன்மொழிவு அனுப்பலாம் என்பது அவ்வழைப்பின் சாரம்.

சென்ற கல்வியாண்டில் அத்தகைய அழைப்பொன்று கணிப்பொறித் துறையைச் சார்ந்த இளம் பேராசிரியர் ஒருவர் வாயிலாக நம் கைக்கு வந்தது. "தமிழ்த்துறைக்கு இதில் ஏதேனும் வேலை இருக்குமா என்று பாருங்கள், ஐயா" என்று கூறி அவர் தந்த தாளைப் பன்முறை படித்தோம். நமக்கு அதில் வேலை உண்டு என்பதும், நாம் முன்வராவிடின் பிறர் மேற்கொள்வது அரிதாகிய வேலையொன்று உண்டு என்பதும் படிக்கப் படிக்கப் புலனாயின. அதனை மாணவச் செல்வங்களுக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும், இக்கல்லூரியைக் கட்டிக் காத்துவரும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இரு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பயிற்சி வகுப்பு என்பது ஒரு கருவியையோ முறையையோ கற்றறிந்தவர், அதனை அறியாத பிறதுறையார்க்குச் சில மணி நேரத்தில் கற்பிப்பது. பயிலரங்கு என்பது இன்னும் முடிவு காணப்படாத ஒரு சிக்கலைப் பற்றிப் பலரும் கட்டுரை படித்து, வாதிட்டு, வழி தேடுவது. முன்னதில் ஆசிரியரும் மாணவரும் உளர். பின்னதில் அனைவரும் மாணவரே. மாநாட்டின் பேரவையில் படிக்கப்படும் கட்டுரை முடிந்த வேலையின் அறிக்கை என்றால், பயிலரங்கு தொடங்கவிருக்கும் வேலையின் கால்கோள் எனலாம்.

முன்மொழிவு என்பதைச் சிறிய செயலாக எண்ணுதல் கூடாது. உலகளாவிய வலையே ஒரு முன்மொழிவிலிருந்து பிறந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆய்வகத்தின் தகவல்கள் சிதறி மறையாதிருக்க ஒரு வழி கூறித் தம் மேலாளரிடம் சில பக்கங்களை அளித்தார். மேலாளராகிய மைக் செண்டால் அதன் மேல் எழுதிய குறிப்பு, தெளிவு போதாதெனினும் ஆர்வமூட்டுகிறது என்னும் பொருள்படும் சிறு தொடரே. அவர் அதனை ஒதுக்கித் தள்ளவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1994 மே திங்களில் அதே செர்னில் முதலாவது பன்னாட்டு வலை மாநாடு கூடியபோது 380 பேர் வந்திருந்தனர். தெளிவு போதாத ஒரு முன்மொழிவை ஒருவர் எழுதத் துணிந்ததும், மற்றொருவர் அதனைப் பொறுமையுடன் படித்ததுமே அவ்வளவிற்கும் அடிப்படை.

நம்மைப் போன்ற மொழித்துறையார்க்கு இதனினும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 1994 அக்டோபரில் சிகாகோவில் நடைபெற்ற இரண்டாவது வலை மாநாட்டின் இடையே, வலையில் பெருகிவரும் ஏடுகளை எவ்வாறு தேடிக் கண்டெடுப்பது என்று சிலர் தமக்குள் உரையாடினர். அவ்வுரையாடலின் விளைவாக, 1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் ஒரு பயிலரங்கு கூட்டப்பட்டது. நூலகவியலார், கணிப்பொறியாளர், நூற்பதிப்பில் தேர்ந்தோர் என 52 பேர் கலந்துகொண்டனர். தலைப்பு, ஆக்கியோன், பொருள், நாள், மொழி என்பன போல ஓர் ஏட்டைப் பற்றிக் கூற வேண்டிய அடிப்படைக் குறிப்புகள் 13 என அவர்கள் வரையறுத்தனர். பின்னர் அவை 15 ஆயின. அவ்வூரின் பெயராலேயே டப்ளின் கோர் என வழங்கும் அம்முறையைப் பன்னாட்டுத் தர அமைப்பு 2003 இல் ஏற்றுக்கொண்டது. இன்று உலகின் மின்னூலகங்கள் பல அதனைப் பின்பற்றுகின்றன. கணிப்பொறியாளர் மட்டும் கூடியிருந்தால் அது பிறந்திராது. நூலகர் மட்டும் கூடியிருந்தாலும் பிறந்திராது.

வலையை ஒரு தனி அறிவியலாகவே கருதிப் பல்துறையாரும் ஆய்தல் வேண்டும் என்னும் இயக்கம் 2006 இல் தோன்றியது. டிம் பெர்னர்ஸ்-லீ, வெண்டி ஹால், நைஜல் ஷாட்போல்ட் முதலியோர் அதன் முன்னோடிகள். அத்துறையின் முதல் மாநாடு 2009 மார்ச்சில் ஏதென்ஸ் நகரில் கூடியது. செர்னில் தொடங்கிய வலை மாநாடும் 2011 இல் ஐதராபாத் நகருக்கு வந்தது. எனவே இம்மாநாடுகள் நம்மால் எட்டவொண்ணாத தொலைவில் உள்ளவை என்று கூறுதற்கில்லை.

தமிழுலகும் இவ்வழியில் நடந்தே வந்துள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் தமிழறிஞரும் கணிப்பொறி வல்லுநரும் எதிரெதிர் அமர்ந்து வாதிட்டதன் பயனாகவே தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2000 இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அதற்கும் முன்னர், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பாலேயே பழந்தமிழ் நூல்களை வலையில் ஏற்றத் தலைப்பட்டது. நம் சமுதாயத்தைப் பொறுத்தமட்டில், 1973 இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு, மறைந்து கிடந்த நூல்கள் பலவற்றின்மீது அறிஞர் கண் படுமாறு செய்தது. கூடிப் பேசுதலின் பயன் நமக்குப் புதிதன்று.

அங்ஙனமாயின், பன்னாட்டு வலை மாநாட்டில் நாம் எதனை முன்மொழிவது? நம் விடை, அரபுத்தமிழ் என்பதேயாகும்.

தமிழை அரபு எழுத்தில் எழுதும் இம்மரபு காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் செழித்திருந்தது. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளாகிய ட, ண, ள, ழ, ப போன்றவற்றிற்கு, இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் புதிய வடிவங்களைப் படைத்தனர். எகர ஒகர உயிர்களுக்கும் குறிகள் வகுத்தனர். 1816 முதல் 1898 வரை வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், மார்க்கக் கடமைகளை எளிய மக்கள் உணருமாறு மகானீ முதலிய நூல்களை இவ்வெழுத்திலேயே யாத்தளித்தார். கையெழுத்துப் படிகளாகவும் கல்லச்சுப் பிரதிகளாகவும் இந்நூல்கள் இல்லந்தோறும் பரவின.

குறிப்பாக, நம் பெண்மக்களின் கல்வி இவ்வெழுத்தின் வழியே நடந்தது. நம் தாயாரின் தாயார் தமிழ் எழுத்தைக் கற்றவரல்லர். ஆயினும் மஃரிபுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து, முனாஜாத்துப் பாடல்களையும் கிஸ்ஸாக்களையும் அரபுத்தமிழ் நூலிலிருந்து தடையின்றிப் படிப்பார். அண்டை வீட்டுப் பெண்டிர் சூழ அமர்ந்து கேட்பர். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் பத்திரமொன்றில் கையொப்பமிட வேண்டியிருந்தது. அவர் தம் பெயரை அரபுத்தமிழில் எழுதத் தொடங்கியபோது, அங்கிருந்தவர் தாளை இழுத்து, "எழுதப் படிக்கத் தெரியாதா? கைநாட்டு வையுங்கள்" என்றார். அவர் மறுமொழி கூறவில்லை, கட்டைவிரலை நீட்டினார். பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல் நூலை விரித்து அமர்ந்தார். எழுத்தறிந்த ஒருவரை எழுத்தறியாதவர் என்று பதிவு செய்த அத்தாள் இன்றும் ஏதோவொரு கட்டில் இருக்கக்கூடும். அவர் படித்த நூலோ நம் இல்லத்துப் பெட்டியில் பக்கங்கள் பொடியும் நிலையில் இருக்கிறது.

அந்த அலுவலர் அன்று செய்ததையே இன்று வலையும் நமக்குச் செய்யும் நிலையில் உள்ளது. ஓர் ஏட்டின் படத்தை வலையில் இட்டால் மட்டும் அது படிக்கப்பட்டதாகாது. அதன் எழுத்துகளைப் பொறி அறிய வேண்டும். அறிந்தால்தான் தேடுவோர் கண்ணிற்படும். அரபு நூல்களைப் படிக்கப் பழகிய பொறி, அரபுத்தமிழின் கூடுதற் புள்ளிகளைப் பிழையென்று தள்ளிவிடக்கூடும். தமிழ் நூல்களைப் படிக்கப் பழகிய பொறிக்கோ அவ்வெழுத்தே அந்நியம். நூலக அடுக்குகளிலேயே இந்நூல்கள் அரபு நூல்களென்று மயங்கி வைக்கப்பட்டிருப்பதை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். மொழி தமிழ், எழுத்து அரபு என இரண்டையும் பிரித்துக் குறிக்கும் வழி வலையின் மொழிக் குறியீட்டு முறையில் ஏற்கெனவே உள்ளது. அதனை இந்நூல்களுக்கு இடவேண்டியவர் யார்? இந்நூல்களைப் படிக்கத் தெரிந்தவரே.

இனி, நம்பிக்கை தரும் ஒரு செய்தியைக் கூறுவோம். ஐரோப்பிய அறிஞரின் கூட்டு முயற்சியில் உருவான டிரான்ஸ்கிரிபஸ் என்னும் கையெழுத்தறி கருவி, ஒரு புதிய எழுத்துநடையைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ 5,000 முதல் 15,000 சொற்கள் போதும் என்பது அக்கருவியைப் படைத்தோர் தரும் வழிகாட்டுதல். பக்கக் கணக்கில் அது 25 முதல் 75 பக்கங்கள். அவற்றை முதலில் ஒரு மனிதர் பிழையறப் படித்து எழுதித் தர வேண்டும். பின்னர் பொறி அதனைக் கொண்டு மற்றப் பக்கங்களை வாசிக்க முயலும். அதன் பிழைகளை மீண்டும் மனிதர் திருத்துவர். இவ்வாறு படிப்படியாக அதன் வாசிப்புத் தெளிவுறும். நூலகம் நிறைந்த ஏடுகளை நினைத்து மலைப்பவர்க்கு, 75 பக்கங்கள் என்பது ஒரு முதியவரும் இரு மாணவரும் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலையே.

இவற்றையெல்லாம் எண்ணி, அரைநாள் பயிற்சி வகுப்பிற்கான முன்மொழிவு ஒன்றை வரையத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் அரபுத்தமிழின் எழுத்தும் வரலாறும். அடுத்த ஒரு மணி நேரம், வந்திருப்போர் தம் கைப்பட ஒரு பக்கத்தைப் படித்து எழுதும் பயிற்சி. இங்கே ஒரு நுட்பமும் உண்டு. அரபுச் சொற்கள் அரபுத்தமிழில் தம் மூல எழுத்துகளோடே நிற்கின்றன. அவற்றைத் தமிழ் எழுத்திற்கு மாற்றும்போது, அரபில் வேறுபட்ட மூன்று எழுத்துகள் தமிழில் ஒரே 'ஸ' ஆகிவிடுகின்றன. இழப்பின்றி மாற்றுவது எங்ஙனம் என்பதை மொழியியலாரும் கணிப்பொறியாளரும் சேர்ந்தே முடிவு செய்தல் இயலும். மூன்றாவது ஒரு மணி நேரத்தை ஏடுகளுக்கு விவரக் குறிப்பு எழுதுவதற்கென ஒதுக்கினோம்.

இம்முன்மொழிவைத் துறையில் படித்துக் காட்டியபோது மூவகைக் கருத்துகள் எழுந்தன. அவற்றை மறைத்தல் முறையன்று.

மூத்த ஆசிரியர் ஒருவர், "சீறாப்புராணத்தின் 5027 பாடல்களில் நூறைக்கூடப் பருவத்தில் நடத்தி முடிக்க இயலவில்லை. நமக்கு மாநாடு எதற்கு?" என வினவினார். அவர் கவலை நியாயமானதே. ஆயினும் வகுப்பறையில் கற்பிக்கும் நூல் நாளைய மாணவர் கைக்கு எவ்வழியே சென்று சேரும் என்பதும் தமிழாசிரியரின் கவலைதானே! இன்றைய மாணவர் ஐயமெழுந்தவுடன் நாடுவது நூலகத்தை அன்று, கையிலுள்ள தொலைபேசியையே. அங்கே நம் இலக்கியம் இல்லையெனில், அது உலகிலேயே இல்லையென அவர் எண்ணிவிடுவார்.

மற்றொருவர் செலவைக் குறித்தார். அமைப்பாளருள் ஒருவரேனும் நேரில் வருதல் வேண்டும் என்பது பல மாநாடுகளின் விதி. பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தில் அடங்குவன அல்ல. இதற்கு நாம் கண்ட வழி, தனித்து நில்லாமை. ஒரே கல்லூரியைச் சார்ந்தோர் மட்டும் அளிக்கும் முன்மொழிவினும், பல நாட்டாரும் பல துறையாரும் கூடி அளிப்பது மதிப்பீட்டாளர்க்கு நம்பிக்கையூட்டும். இலங்கை அறிஞரையும் கணிப்பொறித் துறையினரையும் இணைத்துக்கொண்டால் சுமை பகிரப்படும்; வகுப்பும் வளம் பெறும்.

மூன்றாவது கருத்தே நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. அதனைக் கூறியவர் ஆசிரியர் அல்லர். நம் ஊரில் அரபுத்தமிழ் படிக்கவல்ல பெரியவர் ஒருவர். அவரிடம் உதவி நாடிச் சென்றிருந்தோம். நாம் சொன்னதையெல்லாம் அமைதியாகக் கேட்டபின், "தம்பி, என் வீட்டுப் பெட்டியிலே கிதாபு மட்டுமா இருக்குது? கடல் கடந்து வியாபாரத்துக்குப் போயிருந்த வாப்பாவுக்கு உம்மா எழுதின கடுதாசியும் இருக்குது. அதை ஊர் உலகமெல்லாம் படிக்கலாமா?" என்றார்.

அவ்வினாவிற்கு அன்று நம்மிடம் விடையில்லை. பொருளீட்டச் சென்ற கணவர்க்கு மனைவியர் எழுதிய மடல்கள் வரலாற்று ஆய்வாளர்க்கு அரிய கருவூலம் என்பது உண்மை. அவை ஒரு பெண்மணியின் அந்தரங்கம் என்பதும் அதே அளவு உண்மை. வெளியிடுதற்கு எவர் இசைவு வேண்டும், எதனைப் படமெடுத்து வைத்தும் வெளியிடாமல் காத்தல் வேண்டும், மார்க்க நூல்களை எத்தகைய மரியாதையோடு கையாளுதல் வேண்டும் என்பன சட்டமும் அறமும் சந்திக்கும் வினாக்கள். ஆகவே முன்மொழிவைத் திருத்தினோம். மூன்றாவது மணி நேரத்தின் பாதியை இசைவும் உரிமையும் பற்றிய கலந்துரையாடலுக்கு ஒதுக்கினோம். பல்துறை மாநாட்டிற்கு ஏற்ற பொருள் இதுவே என்று நம் கணிப்பொறித் துறை நண்பரும் உடன்பட்டார். முன்மொழிவின் மிகச் சிறந்த பகுதியை நமக்கு வழங்கியவர் வலையையே கண்டிராத அப்பெரியவர்தாம். திருத்திய பகுதியை அவரிடம் படித்துக் காட்டினோம். மடல்களை ஒருபுறம் எடுத்து வைத்துவிட்டுக் கிதாபுகளை மட்டும் நம் முன் வைத்தார்.

முன்மொழிவு எழுத விழையும் மாணவர்க்கும் இளம் ஆசிரியர்க்கும் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். தலைப்பு ஒரே வரியில் பொருளை உணர்த்துதல் வேண்டும். யார் வருவர், அவர்க்கு முன்னறிவு எவ்வளவு தேவை, வகுப்பு முடிந்து எழுந்து செல்லும்போது எதனைச் செய்ய வல்லவராவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் நேரடியான விடை வேண்டும். மணிவாரியான நிகழ்ச்சி நிரல் வேண்டும். அமைப்பாளரின் தகுதியைக் கூறும்போது பட்டங்களை அடுக்குவதினும், இப்பொருளில் அவர் ஆற்றிய பணியைக் கூறுவதே சிறப்பு. பயிலரங்காயின் கட்டுரை அழைப்பின் வரைவு, மதிப்பீட்டுக் குழுவினர் பெயர், கால அட்டவணை ஆகியனவும் இணைக்கப்பெறுதல் நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, இதனை ஏன் இவ்வாண்டே நடத்த வேண்டும் என்பதற்கு மறுக்கவியலாக் காரணம் ஒன்று வேண்டும்.

நமக்கு அக்காரணத்தைத் தந்தவர் மூன்றாமாண்டு மாணவி ஒருவர். "ஐயா, இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். நாமறிந்தவரை எண்ணிப் பார்த்தோம். இரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டனர், அனைவரும் முதியவர். மாணவியின் வினாவையே முன்மொழிவின் முதற்பத்தியில் எழுதினோம்.

மதிப்பீட்டாளர் இதனை ஏற்பரோ, மறுப்பரோ, நாம் அறியோம். ஏற்றால் அரைநாள் கிட்டும். மறுத்தால் அடுத்த மாநாட்டிற்கு மீண்டும் எழுதுவோம். இரண்டில் எது நேரினும் 75 பக்கங்களைப் படித்தெழுதும் பணி காத்திருக்க வேண்டுவதில்லை. அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. நம் பெரியோரின் ஒத்துழைப்பே தேவை. ஆதலின் ஒரு வேண்டுகோள். இல்லங்களில் அரபுத்தமிழ் நூல்களை வைத்திருப்போர் அவற்றை நமக்குத் தந்துவிட வேண்டா. உங்கள் முன்னிலையில் சில பக்கங்களைப் படமெடுக்க இசைவளித்தால் போதும். படிக்கவல்ல பெரியோர், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் நம் மாணவருடன் அமர்ந்து வாய்விட்டுப் படித்தால் போதும், அவர்கள் எழுதிக்கொள்வர். முதற் பக்கமாக நம் பாட்டியாரின் முனாஜாத்து நூலிலிருந்து ஒன்றை எடுத்துள்ளோம். ஓரத்தில் அவர் கைப்பட எழுதிய பெயர், இறைவன் அருளால், இன்னும் அழியாமல் இருக்கிறது. விவரக் குறிப்பில் நூலுக்கு உரியவர் என்னும் இடத்தில் அப்பெயரையே பதிந்திருக்கிறோம்.